மாவோரி மொழி வாரத்தில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: வைகாத்தோ வாசி

அனைவருக்கும் வணக்கம். நியூசிலாந்தின் ஹாமில்டன் நகருக்கு நாங்கள் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயதாகும் எங்கள் மகளின் வகுப்பு தினமும் இந்நாட்டுப் பூர்வகுடியினரான மாவோரியரின் பாட்டு ஒன்றோடுதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்து அதை அவள் பாடிக் காட்டும்போது, அதன் பொருள் அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை என்பது சற்றே உறுத்துகிறது.

ஆகவே இந்தச் செப்டம்பரில் வரும் மாவோரி மொழி வாரம் முழுவதும், மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை மாவோரி மொழி நிகழ்ச்சிகளை மட்டுமே பார்ப்பதென்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். ஃபகாத்தா மாவோரி அலைவரிசையின் செயலியைத் திறந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. சிறுவர் நிகழ்ச்சி, சமையல், முதியோர் நேர்காணல், ஹக்கா என்ற குழு ஆட்டப் போட்டி, நாடகம், விவாதம் என்று குவிந்துகிடக்கிறது. எதில் கைவைப்பதென்று விளங்கவில்லை. சென்ற ஆண்டும் இதே வாரத்தில் ஒருநாள் முயன்றோம். ஒரு முதியவர் பேசத் தொடங்கினார். பத்து நிமிடம் ஆகியும் அவர் விஷயத்துக்கு வரவில்லை என்று பொறுமையிழந்து அலைவரிசையை மாற்றியவன் நான்தான். அது என் பிழையோ என்று இப்போது தோன்றுகிறது.

எங்கிருந்து தொடங்குவது? ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொள்ளலாமா, அணைத்துவிட வேண்டுமா? ஆண்டுக்கு ஒரு வாரம் இப்படிப் பார்ப்பதால் பயன் ஏதும் உண்டா, அல்லது இதுவும் ஒரு சடங்குதானா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: தென்முனை

வணக்கம். வெலிங்டனில் பதினான்கு ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், நீங்கள் மாற்றிவிட்ட அந்தப் பத்து நிமிடத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த முதியவர் விஷயத்துக்கு வராமல் இல்லை, விஷயமே அதுதான். தம் மலை எது, ஆறு எது, முன்னோர் ஏறி வந்த படகு எது, தம் குலம் எது என்று வரிசையாகச் சொல்லி, மறைந்தவர்களை அழைத்து வணங்கி விடைகொடுத்த பிறகே ஒருவர் தம் கருத்தைச் சொல்லத் தொடங்குவார். பேசுபவர் யாருடைய பிள்ளை என்பது தெரியாதவரை அவருடைய சொல்லுக்கு நிற்க இடமில்லை என்பது அந்த மரபின் கணக்கு. இந்த அறிமுகத்துக்குப் பெபெஹா என்று பெயர். அடுத்த முறை பொறுமையோடு கேளுங்கள். மலையைக் குறிக்கும் ‘மௌங்கா’, ஆற்றைக் குறிக்கும் ‘அவா’, படகைக் குறிக்கும் ‘வக்கா’ ஆகிய மூன்று சொற்களை மட்டும் காதில் வாங்கினால் போதும், பத்து நிமிடம் எப்படிப் போனது என்றே தெரியாது.

முதியோரின் பேச்சைப் பதிந்துவைப்பதற்காகவே 1987-இல் தொடங்கப்பட்ட நிகழ்ச்சி ‘வக்க ஹுயா’. ஹுயா என்ற பறவையின் இறகுகளை உயர்குடியினர் தலையில் சூடுவார்கள்; அந்த இறகுகளை வைக்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பேழைக்குத்தான் வக்க ஹுயா என்று பெயர். பறவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அற்றுப்போய்விட்டது, பேழைகள் மட்டும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மொழியைத் தாய்ப்பாலோடு பெற்ற கடைசித் தலைமுறை மறைந்துகொண்டிருந்த காலத்தில் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் பேசியவர்களில் மிகப் பலர் இன்று இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன்: கேமரா எங்கே நிற்கிறது என்பதை. 1974-இல் பாரி பார்க்லே இயக்கி, மைக்கேல் கிங் தொகுத்து வழங்கிய ‘தங்கத்தா ஃபெனுவா’ என்ற ஆறு பகுதி ஆவணத் தொடர், மாவோரி மக்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே பேசுவதை நாட்டின் தொலைக்காட்சிக்கு முதன்முறையாக விரிவாகக் கொண்டுவந்தது. முதியவரின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டாமல், எட்ட நின்று நீண்ட லென்ஸால் படம்பிடித்து, கேட்பவர்களில் ஒருவராகக் கேமராவையும் உட்காரவைக்க வேண்டும் என்பது பார்க்லேயின் எண்ணம். இப்போதும் நல்ல மாவோரி நிகழ்ச்சிகளில் பேச்சின் நடுவே வெட்டி வேறு முகத்துக்குத் தாவுவது குறைவாகவே இருக்கும். வேகமான வெட்டுகளுக்குப் பழகிய கண்ணுக்கு இது ஆரம்பத்தில் மந்தமாகத் தெரியும்.

வரவேற்புச் சடங்கான போஃபிரி எங்காவது வந்தால் நிறுத்திப் பாருங்கள். முதலில் எழுவது ஒரு பெண்ணின் அழைப்புக் குரல். வந்தவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பெண்குரல்தான் மறுமொழி கூறும். நடந்து வருபவர்கள் சிறிது நேரம் தலைகுனிந்து நிற்பது இறந்தவர்களுக்காக. பிறகு உரைகள், ஒவ்வோர் உரைக்கும் பின்னால் அதைத் தாங்கிநிற்கும் ஒரு பாட்டு, அதன்பின் மூக்கோடு மூக்கு தொடும் ஹொங்கி, கடைசியில் உணவு. உணவு வெறும் விருந்தன்று; சடங்கின் புனிதக் கட்டை விடுவித்து, எல்லோரையும் இயல்பு வாழ்வுக்குத் திருப்பிவிடுவது அதுதான். இந்த வரிசை மனத்தில் இருந்தால் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் காட்சி புரியும். 2024-இல் மாவோரி மன்னர் தூஹெய்த்தியா மறைந்தபோது உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஙாருவாஹியாவில் நடந்த துக்க நிகழ்வுகளை நேரலையில் நாள்கணக்கில் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஹக்கா போட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘தெ மத்தத்தினி’ என்பது 1972-இல் ரொத்தொருவாவில் தொடங்கிய தேசிய விழா. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெறுவது. ரக்பி திடலில் பார்க்கும் ஹக்காவை மட்டும் அறிந்தவர்கள், ஒரு குழு மேடையேறுவதிலிருந்து இறங்குவது வரை முழுமையாக ஒரு பதிவையாவது பார்க்க வேண்டும். பழம்பாடல், கயிற்றில் கட்டிய பந்தைச் சுழற்றும் ‘போய்’ ஆட்டம், கையசைவுப் பாட்டு, ஹக்கா என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். அன்றைய அரசியலைச் சாடும் வரிகளும் உள்ளே இருக்கும்.

மறுமொழி: ஙகரம்

தென்முனை அவர்கள் மரபைச் சொல்லிவிட்டார். நான் காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக மாலை வகுப்பில் இந்த மொழியைப் படித்துவருகிறேன். தமிழர்களுக்கு இது எவ்வளவு எளிதாகக் கைகூடும் என்பதை யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

முதலாவது, குறிலும் நெடிலும். மாவோரியில் ஐந்து உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் நெடில் உண்டு. நெடிலின் தலைமேல் ஒரு கோடு இடுவார்கள். ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் காதில் பிடிக்கவே திணறுவார்கள். ‘கெக்கெ’ என்றால் நீங்கள் தின்னும் கேக், ‘கேக்கே’ என்றால் அக்குள். எங்கள் வகுப்பில் ஒருவர் தம் பிறந்தநாளுக்கு அக்குளை வெட்டப்போவதாக அறிவித்தார். படத்துக்கும் பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியாலேயே உணரும் நமக்கு அந்த ஆபத்து குறைவு.

இரண்டாவது, ஙகரம். நாம் பொதுவாக ‘தங்கத்தா’, ‘மௌங்கா’ என்று எழுதிவிடுகிறோம். தென்முனை அவர்களும் மன்னர் ஊரைத் தவிர மற்ற இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். உண்மையில் அங்கே ககரம் இல்லை. ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்பவற்றில் வரும் தனி ஙகரம்தான் அது. நெடுங்கணக்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலையின்றி உட்கார்ந்திருப்பதாக நாம் கேலிசெய்யும் அந்த எழுத்து, இங்கே சொல்லின் முதலிலேயே வந்து நிற்கிறது.

மூன்றாவதுதான் என்னை மயக்கியது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு இந்த மொழியில் அப்படியே இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘தாத்தோ’, விலக்கிச் சொன்னால் ‘மாத்தோ’. போதாதென்று இருவருக்கு மட்டும் வேறு ஒரு சோடி: நீயும் நானும் என்றால் ‘தாவா’, நானும் இன்னொருவரும், நீ இல்லாமல், என்றால் ‘மாவா’. ஒருவர் ‘கியா ஓரா தாத்தோ’ என்று வாழ்த்தினால், வாழ்த்துக்குள் அவரும் இருக்கிறார், நீங்களும் இருக்கிறீர்கள். சப்டைட்டில் இந்த இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் கடந்துபோய்விடும். ஒருவர் தம் குலத்தின் நிலம் பறிபோன கதையைச் சொல்லும்போது அந்த ‘நாங்கள்’ எத்தனை பேரை வெளியே நிறுத்துகிறது என்பதைக் கீழே ஓடும் எழுத்திலிருந்து நீங்கள் அறியவே முடியாது.

ஆகவே சப்டைட்டிலைப் பற்றி என் கருத்து இதுதான்: பத்து நிமிடத்துக்கு உட்பட்ட ஒரு துண்டை முதலில் அது இல்லாமல் பாருங்கள், பிறகு அதை வைத்துக்கொண்டு அதே துண்டை மறுபடியும் பாருங்கள். வேறு துண்டுக்குத் தாவ வேண்டாம். ‘தெ கரெரே’ செய்தித் துணுக்குகள் யூடியூபில் இதற்கு வாகாகக் கிடைக்கின்றன. செய்தியில் முக்கால் பங்கு நமக்கு முன்பே தெரிந்த விஷயமாக இருப்பதால் ஊகிப்பது எளிது.

மகளுக்கு ‘பூக்கனா’ பிடிக்கும். சிறுவர்களுக்காகவே எடுக்கப்பட்ட, கூச்சலும் குதூகலமுமான நிகழ்ச்சி அது. டோரா, ஸ்பாஞ்ச்பாப் ஆகியவையும் மாவோரிக் குரலில் ஒளிபரப்பாகியிருக்கின்றன. ‘மொவானா’ திரைப்படத்தின் மாவோரி வடிவம் 2017-ஆம் ஆண்டு மொழி வாரத்தையொட்டியே வெளிவந்தது. கதை முன்பே மனப்பாடமாகத் தெரிந்த ஒரு படத்தைப் புதிய மொழியில் பார்க்கும் குழந்தைக்குச் சப்டைட்டில் எதற்கு?

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி பேச மாட்டார்கள். ஃபங்கனூயி ஆற்றங்கரைக்காரர்கள் ஹகரத்தை விழுங்கிவிடுவார்கள். தெற்குத்தீவின் ஙாய் தஹு மக்கள் ஙகரம் வரவேண்டிய இடத்தில் ககரம் சொல்வார்கள். தூஹோ மக்கள் அதே இடத்தில் னகரம் சொல்வார்கள். வட்டார வழக்கை மழித்துச் சமன்செய்யாமல் அப்படியே ஒலிக்கவிடுவதை அந்த நிகழ்ச்சிகளின் பெருமையாகவே நான் கருதுகிறேன்.

மறுமொழி: மேற்குக்கரை

ஆண்டுக்கு ஒரு வாரம் பார்ப்பதால் பயன் உண்டா என்ற உங்கள் மூன்றாவது கேள்வியை மற்ற இருவரும் தொடவில்லை. நான் தொடுகிறேன், கொஞ்சம் கசப்போடுதான்.

(தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கும் தமிழ்க் கப்பல் மணியைப் பற்றி யாரேனும் இங்கே தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்த மணி வேறொரு இழையில் ஒலிக்கட்டும். மாவோரியரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் நாம் நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.)

இந்த வாரம் அரசு மனமுவந்து கொடுத்த பரிசன்று. 1867-ஆம் ஆண்டின் சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிபட்ட தலைமுறைகள் உண்டு. 1913-இல் பள்ளி செல்லும் மாவோரிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த மொழியைப் பேசினார்கள்; 1975-இல் ஐந்து பேர்கூட இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் வேலைதேடி நகரங்களுக்குப் பெயர்ந்ததும், மொழியால் பயனில்லை என்று பெற்றோரே நம்பவைக்கப்பட்டதும் அந்தச் சரிவை விரைவுபடுத்தின. 1972 செப்டம்பர் 14 அன்று, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு ஒன்றை ஹன்னா தெ ஹெமாராவும் ‘ஙா தமத்தோவா’ என்ற மாவோரி உரிமை அமைப்பின் இளைஞர்களும் பிறரும் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுசென்றார்கள். பள்ளிகளில் மாவோரியைக் கற்பிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அந்த நாள் மொழி நாளாகி, 1975-இல் மொழி வாரமாக விரிந்தது.

தொலைக்காட்சியோ அதைவிடத் தாமதம். 1987-இல் மாவோரி ஆட்சிமொழியானது. அடுத்த ஆண்டே அரசு ஒலிபரப்புக் கழகத்தைக் கலைத்துச் சொத்துகளை நிறுவனங்களுக்கு மாற்றியபோது, மொழியைக் காப்பது, 1840-இல் மாவோரித் தலைவர்களோடு பிரிட்டிஷ் அரசு செய்த வைத்தாங்கி உடன்படிக்கைப்படி, அரசின் கடமையல்லவா, அலைவரிசை இல்லாமல் எப்படிக் காப்பீர்கள் என்று மாவோரி மன்றம் வழக்காடியது. வழக்கு, அன்று நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1993-இல் தோற்றது. ஆனால் வழக்கின்போது அரசு கொடுத்த உறுதிமொழிகள் பதிவாகிவிட்டன. அதே ஆண்டு மாவோரி ஒலிபரப்புக்கு நிதி வழங்கும் ‘தெ மாஙாய் பாஹோ’ உருவானது. 1996-இல் ஆக்லாந்தில் சோதனையாகத் தொடங்கிய அலைவரிசை ஓராண்டுகூட முழுதாக நிற்கவில்லை. பிறகு 2003-இல் சட்டம், 2004 மார்ச் 28 அன்று ஒளிபரப்பு, 2008-இல் முழுக்க மாவோரியில் இயங்கும் இரண்டாவது அலைவரிசை. ஆட்சிமொழி என்று சொன்ன நாளிலிருந்து சொந்தத் திரைக்குப் பதினேழு ஆண்டு.

நிதி குறைந்ததால் 2024 இறுதியில் அந்த அலைவரிசையின் தினசரிச் செய்தி அறிக்கை நின்று, செய்தி இணையத்துக்குப் போனது. மொழி வாரத்தில் வானிலை அறிவிப்பாளர்கூட மாவோரியில் வணக்கம் சொல்கிறார். எட்டாவது நாள் அந்த வணக்கமும் போய்விடுகிறது. அதனால்தான் கேட்கிறேன், இந்த ஏழு மாலைகளால் யாருக்கு என்ன லாபம்?

மறுமொழி: தென்முனை

மேற்குக்கரை அவர்களின் வரலாற்றில் நான் திருத்த ஒன்றுமில்லை. முடிவில் மட்டும் உடன்பட இயலவில்லை. ‘தெ கரெரே’ பிறந்தது எப்போது? 1982-இன் மொழி வாரத்தில், சோதனையாக. ஒரு வாரத்துக்கென்று நுழைந்த அந்தச் சிறு அறிக்கை 1983 முதல் தினசரி நிகழ்ச்சியாகி, இன்றும் ஒளிபரப்பாகிவருகிறது. வாரத்தைக் கதவிடுக்கில் வைத்த காலாகப் பயன்படுத்தியவர்கள் இருந்திருக்கிறார்கள். எட்டாவது நாள் கதவு தானாகத் திறந்திருக்கும் என்று அவர்களும் நம்பவில்லை.

மறுமொழி: வைகாத்தோ வாசி

மூவருக்கும் நன்றி. வாரத்தின் ஐந்தாம் நாள் இரவு எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாலைகள் செய்தி. ஙகரம் அவர்கள் சொன்னபடி ஒரே துணுக்கை இரண்டு முறை பார்த்தோம். முதல்முறை எனக்கு ஊர்ப்பெயர்களைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. மகள் எண்களையும் நிறங்களையும் பிடித்தாள். மூன்றாம் நாள் ‘மொவானா’. அன்று எங்களுக்கு வீட்டில் பேச அனுமதி இல்லை.

நேற்று, சென்ற ஆண்டு நான் மாற்றிவிட்ட அதே பழைய நேர்காணலைத் தேடி எடுத்தேன். சப்டைட்டிலை அணைத்தேன். மகள் ஒரு தாளில் மௌங்கா, அவா, வக்கா என்று மூன்று கட்டம் போட்டு வைத்துக்கொண்டாள். முதியவர் பேசத் தொடங்கிய சில நொடிகளிலேயே மூன்றும் நிரம்பிவிட்டன. பிறகு அவள் தாளைத் திருப்பி, ‘மாத்தோ’ வரும்போதெல்லாம் ஒரு கோடு கிழித்தாள், பதினொரு கோடுகள். கடைசியில் அவர் பேச்சை முடித்து, கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களை நோக்கி ஏதோ சொல்லிச் சிரித்தார். அதில் ‘தாத்தோ’ வந்தது என்று மகள் சொன்னாள், இல்லை என்று நான் சொன்னேன். மறுபடி ஓடவிட்டோம். வந்திருந்தது.

இப்போது அவளுக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரும் தங்கள் பெபெஹாவைச் சொல்ல வேண்டுமாம். தௌபிரி என் மலை, வைகாத்தோ என் ஆறு என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டு, அதையே தானும் சொல்லப்போவதாகச் சொல்கிறாள். சொல்லலாமா?

மறுமொழி: தென்முனை

அப்படியே சொல்ல வேண்டாம். தௌபிரி வைகாத்தோ மக்களின் முன்னோரும் மன்னர்களும் அடக்கமான மலை. ‘என் மலை’ என்று சொல்வது அந்த வம்சத்தில் வந்தவர்கள் சொல்வது. வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இப்போது பல ஆசிரியர்கள் வேறொரு வாய்பாடு சொல்லித்தருகிறார்கள்: தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லி, பிறகு, இந்த மலையின் நிழலில், இந்த ஆற்றின் அருகில் இப்போது வாழ்கிறேன் என்று சொல்வது. ஆசிரியரிடம் அந்த வாக்கியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்லும்போது ‘வைகாத்தோ’வின் ககரத்தை நம் எழுத்தில் உள்ளபடி நெடிலாக இழுக்காமல் குறிலாகவே சொல்கிறாளா என்பதை மட்டும் ஞாயிறு இரவே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.